வேர்நுனியில் பார்த்தது

1

பழனியம்மாளின் ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் மட்டும் காலியாக இருந்தது. ‘வெங்காய வேர்நுனியில் மைட்டாசிஸ்’ என்று தலைப்பு எழுதியிருந்தாள். கீழே எதுவும் வரையவில்லை.

1999 ஜனவரி. கொல்லிமலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தாவரவியல் ஆசிரியை. பிளஸ் டூ பிராக்டிகல் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மற்ற பதினொரு பேரும், செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்பதையும், பிரிந்து இரு முனைக்கும் போவதையும் அழகாக வரைந்திருந்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

“ஏம்மா வரையல?”

“அப்படி ஒண்ணுமே தெரியலீங்க டீச்சர். எல்லா செல்லுலயும் உருண்டையா ஒரு புள்ளிதானுங்க இருந்துச்சு. பாத்தத வரையோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க.”

“மத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கே?”

அவள் தன் ஸ்லைடை எடுத்து நீட்டினாள். பன்னிரண்டு ஸ்லைடுகளையும் நானே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பிரிகிற செல் ஒன்றுகூட இல்லை.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். “அந்தப் பொண்ணையும் புக்கப் பாத்து வரையச் சொல்லுங்கம்மா. எக்ஸாமினர் வெங்காயத்தையா பாக்கப்போறாரு?” என்றார்.

“இல்லீங்க சார். செல் பிரியறத அவங்க பாக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன். போட்டதையும் அடிச்சிடறேன்.”

அன்றே பதினொரு பக்கங்களையும் அடித்தேன்.

2

அசிட்டோகார்மைன் சாயத்தைப் புதிதாகக் காய்ச்சினேன். ஸ்லைடில் வைத்த வேர்நுனியைப் பிளாட்டிங் பேப்பர் வைத்துக் கட்டைவிரலால் இன்னும் அழுத்தி நசுக்கினேன். மேலே மூடியிருந்த கவர் ஸ்லிப் கண்ணாடிதான் உடைந்தது. ஒரு வாரம் போனது.

லேப் அட்டெண்டர் வெள்ளையன், ஜன்னலோரம் தண்ணீர் பாட்டில்களின் வாயில் உட்கார்ந்திருந்த வெங்காயங்களைக் காட்டினார்.

“ஏனுங்க டீச்சர், நாலு நாளா வேரு இம்புட்டுத்தானுங்க இருக்குது. இந்தக் குளுருல மனுசனே சுருண்டு கெடக்கறான். எங்கூட்டு அடுப்படியில வெச்சுப் பாக்கட்டுங்களா?”

வளராத வேரில் செல் எப்படிப் பிரியும்? எனக்கல்லவா இது தோன்றியிருக்க வேண்டும்! இன்னொன்றும் உறைத்தது. செல்கள் அதிகம் பிரியும் காலை நேரத்தில் வேர்நுனியை வெட்டச் சொல்கிறது லேப் கையேடு. நான் லேப் பீரியடுக்குத் தோதாக மதியம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை வெள்ளையன் பாட்டில்களைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். வேர்கள் நன்றாக நீண்டிருந்தன. உடனே நுனிகளை வெட்டி, செல்கள் அந்த நிலையிலேயே நின்றுபோக அசிட்டிக் ஆல்கஹாலில் ஒரு நாள் போட்டுவைத்து, சாயமேற்றி நசுக்கினோம்.

பழனியம்மாள்தான் முதலில் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

“டீச்சர்! ரெண்டாப் பிரிஞ்சு போறப்பவே அப்படியே நின்னுபோச்சுங்க!”

மற்றவர்கள் முண்டியடித்தார்கள். எல்லோரும் மறுபடி வரைந்தார்கள். புத்தகப் படம்போல அவை அழகாக இல்லை. கோணல்மாணலாக, ஆளுக்கொரு விதமாக இருந்தன. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் போனபின் நானும் பார்த்தேன். இரு முனைக்கும் இழுபட்டு நின்றன குரோமோசோம்கள். ஒன்பது வருடம் அதைப் போர்டில் வரைந்து நடத்தியிருக்கிறேன். கல்லூரியில் நானும் புத்தகத்தைப் பார்த்து வரைந்தவள்தான். என் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் வகுப்பில் அதைச் சொன்னேன். சொல்வதற்குத் தைரியம் வேண்டியிருந்தது. இப்போதும் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தெரியாததைத் தெரியவில்லை என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளும் தயங்காமல் சொல்வார்கள்.