பக்கெட் ஸ்டிக்கர்

என் பொண்ணு தன்கூட ஒன்பதாவது படிச்ச ஒருத்தியை ஸ்டிக்கராக்கி விட்டுட்டா. போன்ல பேச்சுக்குப் பதிலா தட்டிவிடுவாங்களே, அந்த ஸ்டிக்கர்.

அந்தப் பொண்ணு பாலகாட் லைன்ல இருக்கிறவ. லைன்னா, எங்க ஊர் தங்கச் சுரங்கத்துல வேலை செஞ்சவங்களுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுங்க. நிறைய வீட்டுல இன்னிக்கும் உள்ள கக்கூஸ் கிடையாது, தெருக்கோடியில பொதுவுல ஒண்ணு. தண்ணி நாமதான் பக்கெட்ல கொண்டு போகணும். அப்படிப் பச்சை பக்கெட்டோட போயிட்டிருந்தவளை, நோட்ஸ் வாங்கப் போன எவளோ போட்டோ எடுத்து க்ளாஸ் குரூப்ல போட்டிருக்கா. என் மகராசி அவளையும் பக்கெட்டையும் மட்டும் தனியா வெட்டி எடுத்து, கீழ "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்"னு எழுதிட்டா.

அப்புறம் கேக்கணுமா? எவளாச்சும் லேட்டா வந்தா அந்த ஸ்டிக்கர். நாளைக்கு டெஸ்ட்னா அந்த ஸ்டிக்கர். குட் மார்னிங்குக்கும் அதேதான். பக்கத்து செக்ஷனுக்கும் போயிடுச்சு. அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கு வர்றதையே நிறுத்திட்டா.

எனக்கு இதெல்லாம் க்ளாஸ் டீச்சர் சொல்லித்தான் தெரியும். ராபர்ட்சன்பேட்டையில எங்களுக்கு ஃபேன்சி ஸ்டோர், கல்லாவுல நான்தான் உக்காருவேன். டீச்சர் கடைக்கே வந்து போனை நீட்டினாங்க. பாத்ததும், என்னத்தைச் சொல்ல, நான் சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கல. அப்பதான் கீழ இருந்த எழுத்தைப் படிச்சேன். போனைக் கல்லா மேல கவுத்து வெச்சுட்டேன்.

ஏன்னா அது என் வார்த்தை. லைன்ல காலையில பொம்பளைங்க பக்கெட்டோட க்யூவுல நிக்கறப்போ ஒருத்தியை ஒருத்தி கேக்கற கிண்டல். "இன்னாடி, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டா?" ஆம்பளைங்க சுரங்கத்துல முதல் ஷிஃப்ட்டுக்கு இறங்கின நேரமும் அதுதானே. இதே ஊர்ல, நந்திதுர்க் லைன்ல நானும் அந்த க்யூவுல நின்னு வளந்தவ. சுரங்கம் மூடினதும் எங்கப்பா எங்களை குடியாத்தம் கூட்டிட்டுப் போயிட்டாரு. குடியாத்தத்துப் பொண்ணாத்தான் இந்தக் கடைக்காரங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன். பழசைக் கேக்கறவங்களுக்கு "அப்பா கம்பெனியில இருந்தாரு, குவார்ட்டர்ஸ்ல வளந்தேன்"னு சொல்லிடுவேன். தோட்டம் வெச்ச பங்களான்னு அவங்க நெனச்சுக்கிட்டா நானா பொறுப்பு? என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவரு வாயைத் தொறக்க மாட்டாரு.

ஒரு நாள் மாமியார் லைன்காரங்களைப் பத்தி ஏதோ மட்டமா பேசிட்டிருந்தாங்க. சும்மா இருந்திருக்கலாம் இல்ல? நானும் அவங்க பக்கத்து ஆளுன்னு காட்டிக்கணுமே! "அங்கெல்லாம் விடிஞ்சதும் பக்கெட்டோட ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கெளம்பிடுவாங்க அத்தை"ன்னு எடுத்துவிட்டேன். வீடே சிரிச்சுது. அதிகமா சிரிச்சவ என் பொண்ணு.

டீச்சர் வந்துட்டுப் போன அன்னிக்கு அவளை நிக்க வெச்சுக் கேட்டேன். "இன்னாடி பண்ணி வெச்சுக்கீற?" கோவம் வந்தா எனக்கு லைன் பேச்சு வந்துடும். "சும்மா ஜாலிக்கும்மா, எல்லாரும்தான் அனுப்பினாங்க"ன்னா. ஒண்ணு விட்டேன். நீ சொன்னதைத்தானே எழுதினேன்னு அவ திருப்பிக் கேட்டிருக்கலாம். கேக்கல. அதுவே எனக்கு இன்னும் அவமானமா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை அவளை ஸ்கூட்டர்ல உக்கார வெச்சு பாலகாட் போனேன். அந்தப் பொண்ணோட அம்மா பெங்களூருக்கு ட்ரெயின்ல போய் கார்மென்ட்ஸ்ல வேலை செய்யறவங்க, ஞாயித்துக்கிழமைதான் வீட்டுல இருப்பாங்க. திட்டி அனுப்புவாங்கன்னு நெனச்சேன். "வாங்க, உக்காருங்க"ன்னு இருந்த ஒரே சேரை எனக்குப் போட்டாங்க. பொண்ணு உள்கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"டிசி வாங்கிடலாம்னு கீறேன். வேலூர்ல என் தங்கச்சி வீட்டுல இவளை விட்டுடுவேன்"னாங்க அந்தம்மா.

என் பொண்ணு அழுதுக்கிட்டே சாரி சொன்னா. அந்தம்மா அவளைக் கிட்ட கூப்பிட்டாங்க. "போட்டோ போனா போவுது. கீழ எழுதிக்கீறியே, அது எங்க லைன் பொம்பளைங்க வாயில வர்ற பேச்சு. பேட்டையில கீற உனக்கு அதை யாரு சொன்னது?"

என் பொண்ணு என் பக்கம் திரும்பினா. என் மூஞ்சியில என்ன இருந்துச்சோ, அவளுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. நான் எங்க வளந்தேன்னும் புரிஞ்சுபோச்சு.

"யாரும் சொல்லல ஆன்ட்டி. நானாதான் எழுதினேன்."

கதவுகிட்ட இருந்த பொண்ணு அப்பதான் வாயைத் தொறந்தா. எங்களைப் பாக்கல, அவ அம்மாவைத்தான் கேட்டா. "எங்க க்ளாஸ்ல ஒருத்தி வீட்டுலகூட பக்கெட் தூக்கினவங்க இல்லம்மா. நான் மட்டும் எப்டி போய் உக்கார்றது?"

நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. நானும் தூக்கினவதான், கண்ணு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. உடனே இன்னொரு ஸ்டிக்கர் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. கல்லாவுல உக்காந்திருக்கிற என் மூஞ்சி, பக்கத்துல பச்சை பக்கெட். அதை என் மாமியார் பாக்கறாங்க, பஜார்ல எல்லாரும் பாக்கறாங்க. சீ, பதினாலு வயசுப் பொண்ணு மேல ஒட்டினது என் மேல ஒட்டிடுமோன்னு பயந்தேன். "நல்லா படிக்கற பொண்ணுங்க, டிசி எல்லாம் வேணாங்க"ன்னு மட்டும் சொன்னேன். கடையிலருந்து எடுத்துட்டுப் போன கிளிப், ரப்பர் பேண்டு பாக்கெட்டை சேர் மேல வெச்சுட்டு எழுந்து வந்துட்டேன். திரும்பறப்போ என் பொண்ணு என் இடுப்பைப் பிடிச்சுக்கல, வண்டியோட பின்கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்தா.

அந்த வாரமே டிசி வாங்கிட்டுப் போயிட்டாங்க.

போன மாசம் என் வீட்டுக்காரர் வழி சொந்தக்காரங்க ஒருத்தங்க வீட்டுக்கு வந்தாங்க. காபி குடிச்சுக்கிட்டே, "சின்ன வயசுல நீயும் இங்கதான் இருந்தியாமே, எந்தப் பக்கம்?"னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள என் பொண்ணு முந்திக்கிட்டா.

"எங்கம்மா கம்பெனி குவார்ட்டர்ஸ்ல வளந்தவங்க, ஆன்ட்டி."

என்னைப் பாக்காமயே சொல்லிட்டு எழுந்து உள்ள போயிட்டா.