பூஜையில் வைத்த சர்வர்

லினக்ஸ் மென்பொருளில் ஓடும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு ஒரு தொல்லை: கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடினால், அது வேலை செய்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்று கடைக்காரருக்குத் தெரியாது, பல நேரம் நமக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்த புதிதில், சேலையூர் பிரவுசிங் சென்டர் ஒன்றுக்கு லினக்ஸ் சர்வர் போடலாம் என்று வாயை விட்டேன். ஒரே போன் லைனை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அது அடிக்கடி படுத்துக்கொள்ளவும் எங்கள் முதலாளி சொல்லிவிட்டார்: “ஆயுத பூஜைக்குள்ள சரியாகலன்னா லினக்ஸும் வேணாம், நீயும் வேணாம்.”

கற்பூரம்

தினமும் காலையில் ஆன் செய்ததும் சர்வர் பாதியில் நின்று, டிஸ்க்கைச் சோதிக்கச் சொல்லி அடம்பிடித்தது. கேபிளை மாற்றினேன், மெமரியை மாற்றினேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். ஒரு நாள் சென்டரை மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. உரிமையாளர் தனசேகர் அண்ணா ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கற்பூரம் காட்டிவிட்டு, மெயின் சுவிட்சை அப்படியே இறக்கினார். முறையாக ஷட்டவுன் செய்யாமல் கரண்டை நிறுத்தக் கூடாது, டிஸ்க் குழம்பிவிடும் என்று பயந்துகொண்டே சொன்னேன்.

“கும்ட்டுட்டுத்தானப்பா அணைக்கிறேன், அப்பாலயும் இன்னா கோவம் அதுக்கு?”

மாடி போன்

அடுத்து, மதியத்துக்கு முன்னால் தினமும் இன்டர்நெட் அறுந்தது. போன் லைனில் சத்தம் போட்டு இன்டர்நெட் பிடிக்கிற மோடத்தின் செட்டிங்கை மாற்றி மாற்றிச் சலித்துப்போய், சுவரோடு ஓடிய ஒயரைத் தொடர்ந்து மாடிக்குப் போனேன். அங்கே அதே லைனில் இன்னொரு போன். அஸ்தினாபுரத்தில் இருக்கும் தங்கையோடு பேச அண்ணாவின் மனைவி அதைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் எடுத்தால் கீழே லைன் அறுந்துவிடும் அக்கா என்றேன்.

“கீழ யாரு தம்பி அது, நான் எடுக்கிறப்பல்லாம் காதுல கீச்சு கீச்சுன்னு கத்துறது?”

குங்குமம்

ஆயுத பூஜை அன்று போய்ப் பார்த்தால், டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சர்வர் திரையில் செய்தி. சர்வர் தானாக எழுதி வைக்கும் பழைய பதிவுக் கோப்புகளை அழித்தால் போதும். கீபோர்டில் கை வைக்கப் போனேன், அண்ணா தட்டிவிட்டார். சந்தனம் தடவி, பூப் போட்டாயிற்று; பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாதாம். இன்றைக்குள் சரியாகாவிட்டால் என் வேலை போய்விடும் என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் என் நெற்றியிலும் குங்குமம் வைத்துவிட்டு, எங்கள் முதலாளிக்கு போன் போட்டார்.

“சார், உங்க பையனையும் பூஜையில வச்சுட்டேன், நாளைக்கு வரிக்கும் அவன் மேலயும் யாரும் கை வைக்கக் கூடாது.”

மறுநாள் பூவை எடுத்துவிட்டுக் கோப்புகளை அழித்தேன், சர்வர் ஓடியது, என் வேலையும் தங்கியது. எப்படிச் சரியானது என்று கேட்கிறவர்களிடம் அண்ணா பூஜை நல்லபடியாக நடந்ததைத்தான் சொல்கிறார், மறுக்க எனக்கும் தைரியம் இல்லை.