நூறு பாதாமும் இரண்டு கிலோ மல்லாட்டையும்

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.40. திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். கையில் இரண்டு கட்டைப் பை, ஒரு எவர்சில்வர் தூக்கு, சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம். தூரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். இதெல்லாம் ஒரு பயணமா என்று நீங்கள் கேட்கலாம். ஐம்பத்திரண்டு வயதுவரை வீட்டுக்கு ஒரு கட்டுக் கீரைகூட வாங்கிப் போடாத ஆளுக்கு இது காசி யாத்திரை.

காகிதத்தில் இருந்தது பேலியோ சாப்பாட்டுக்கான சாமான் பட்டியல். அரிசி, கோதுமை, கேப்பை, சர்க்கரை, வெல்லம், கிழங்கு, பருப்பு வகை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கறி, முட்டை, வெண்ணெய், பாதாம், தரைக்கு மேல் விளையும் காய் என்று சாப்பிட வேண்டும். சென்னையில் இருக்கும் என் மச்சினன் அனுப்பியது. சாப்பிடப் போவது அவன் அக்கா, என் மனைவி தனம்.

தனம் ரவிக்கை தைப்பவள். ஒரு வருடமாக ஊசியில் நூல் கோப்பது என் வேலையாகிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குப் போனால் சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு. "மூணு வாரத்துல எறக்கிக்கினு வாங்க, உடனே தேதி தர்றேன்" என்றார் டாக்டர். பட்டியலைக் காட்டினோம். படித்துப் பார்த்து, மாத்திரை அளவையும் மாற்றி எழுதிக் கொடுத்தார். (வாசகர்களே, நீங்களும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். என் பையைப் பார்த்து உங்கள் பையை நிரப்பாதீர்கள்.)

தனத்துக்கு நம்பிக்கை இல்லை. முந்தின நாள்தான் சொன்னாள்: "எனக்குக் கண்ணு தெரியல, கடைக்குப் போவ முடியாது. நீங்க போயி ஒண்ணு விடாம சரியா வாங்கிக்கினு வாங்க. வந்துட்டா மறுநாள்லேர்ந்து சோத்த வுட்டுடறேன். வரலன்னா இந்தப் பேச்ச வுட்டுடணும்."

திண்டிவனத்திலும் எல்லாம் கிடைக்கும்தான். ஆனால் நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது வருடமாக பைக் சீட் கவர் தைத்துப் போடுகிறவன். தெரிந்த ஊரில், தெரிந்த கடையில் நின்று, "இது கிழங்கா, காயா?" என்று கேட்க வெட்கம். வெளியூரில் முட்டாளாக இருப்பது சுலபம்.

கூட்டேரிப்பட்டில் கூட்டம் ஏறியது. படியில் தொங்கியவர்களைப் பார்த்து கண்டக்டர் கத்தினார்: "உள்ள போங்கப்பா! உள்ள இன்னா கோயிலா, செருப்பு கழட்டணும்னு யோசிக்கிறீங்க?" நான் இந்த மாதிரிப் பேச்சுகளுக்காகவே பஸ்ஸில் போகிறவன். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

6.50. விக்கிரவாண்டி தாண்டி விழுப்புரம் வந்தாயிற்று. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திறந்திருந்த ஒரு மளிகைக் கடைக்குப் போனேன். பட்டியலில் முதல் வரி: பாதாம், ஒரு நாளைக்கு நூறு. விலை கேட்டேன். "கிலோ தொள்ளாயிரத்து இருபது" என்றார் கடைக்காரர். காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பக்கத்து மூட்டையில் உடைத்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்), கிலோ நூற்று ஐம்பது. சிவப்புத் தோல், கொழுகொழுவென்று.

என் மூளை வேலை செய்தது. பருப்பு வகை கூடாது. சரி, துவரை, உளுந்து, பயறு. மல்லாட்டையை இந்தச் சீமையில் யார் பருப்பில் சேர்த்தார்கள்? அது தனி. மல்லாட்டை மல்லாட்டைதான். தோலும் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. பாதாமுக்கு அண்ணன் தம்பி மாதிரிதானே? இன்னொன்றும் உண்டு. அவித்த மல்லாட்டை என்றால் தனம் ராத்திரிச் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறோமே, இதையாவது கொடுப்போம் என்று இரண்டு கிலோ கட்டச் சொன்னேன். கடைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை, கேட்டதைக் கொடுத்தார்.

7.30. உழவர் சந்தை. வாசலில் அன்றைய விலை எழுதிய பலகை. காலிபிளவர் முப்பத்தைந்து, வெண்டை முப்பது, கோஸ் இருபத்திரண்டு. முன் வரிசையிலேயே காலிபிளவரைக் குவித்து உட்கார்ந்திருந்தவர் அஞ்சலை அக்கா. அனந்தபுரம் பக்கத்திலிருந்து விடிவதற்கு முன்பே காய் ஏற்றி வருகிறவர். நான் பூவைப் புரட்டுகிற விதத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணே, பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி மேலயே பாத்துக்கினு இருந்தா எப்படி? கவுத்துப் பாருங்க. பூச்சி இருந்தா காம்புல தெரியும்."

காகிதத்தை எடுத்துப் படித்துக் காட்டி, கதையைச் சொன்னேன். "யக்கா, சொல்றேன், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. பக்கத்துக் கடைப் பெண்ணிடம், "இந்தாடி, என் தராச கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். பிஞ்சு வெண்டையின் நுனியை ஒடித்துக் காட்டினார்: "டக்குனு ஒடையணும். வளைஞ்சா வாணாம்." காளான், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் எங்கே வாங்குவது என்று கையால் காட்டினார். அப்புறம் என் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மல்லாட்டை யாருக்கு?"

"அவளுக்குத்தான்க்கா. பாதாமுக்குப் பதிலா."

"பருப்பு ஆவாதுன்னு சீட்டுல எழுதிக்கீதுன்னு நீங்கதானே படிச்சீங்க?"

"இது மண்ணுக்கு அடியில காய்க்கறதாச்சே. பருப்புல எப்படி வரும்?"

"அப்ப கெழங்கா? கெழங்கும் ஆவாதுன்னீங்களே! மண்ணுக்கு அடியில இருந்தா கெழங்காயிடுமா? அப்படின்னா கெணத்துத் தண்ணியும் கெழங்குதான்!"

பக்கத்துப் பெண் சிரித்ததில் தராசுத் தட்டு ஆடியது. அஞ்சலை அக்கா சிரிக்காமல் விளக்கினார். "நான் வருஷா வருஷம் மல்லாட்டை போடறவ அண்ணே. செடியப் புடுங்கிப் பாத்தா வேருல முடிச்சு முடிச்சா இருக்கும். உளுந்துலயும் அதே முடிச்சுதான், காராமணிலயும் அதான். மல்லாட்டை போட்ட நெலத்துல அடுத்த பயிரு தெம்பா வரும், உளுந்து போட்டா வர்ற மாதிரியே. எல்லாம் ஒரே சாதி. பூ மேல பூத்துட்டு விழுது மண்ணுக்குள்ள போவுது, அவ்ளோதான்."

இரண்டு கிலோ மல்லாட்டையோடு நின்றேன். வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால்? தனத்துக்குக் கண் தெரியாது, ஆனால் தொட்டால் தெரியும். "ஒண்ணு விடாம சரியா" என்ற பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். மூன்று வாரமும் போயிருக்கும்.

"மளிகைக் கடையில திருப்பி எடுப்பாங்களாக்கா?"

"எதுக்கு? எனக்குக் குடுங்க. எங்க மல்லாட்டை மொத்தமும் கமிட்டிக்கு ஏத்திட்டோம், சட்னி அரைக்க வூட்ல ஒரு பிடி கெடையாது." கமிட்டி என்று இந்தப் பக்கத்தில் சொல்வது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை. மல்லாட்டையை அளந்துகூடப் பார்க்காமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பதிலுக்கு இரண்டு காலிபிளவர், கோஸ், வெண்டை, கத்தரி, சுரைக்காய் என்று என் பை கைப்பிடி அறும் அளவுக்கு நிரப்பி, காசு வேண்டாம் என்றார். மேலே ஒரு கை கறிவேப்பிலை. "சோத்த வுடறது பெரிய பேஜாரு அண்ணே. அவங்க தனியா வுடக்கூடாது. நீங்களும் வுடுங்க."

பட்டியலில் இல்லாத வரி அது. மறுபடி மளிகைக் கடைக்குப் போய், பேரம் பேசாமல் ஒரு கிலோ பாதாம் வாங்கினேன்.

8.40. கறிக்கடை. வரிசையில் ஏழு பேர். எனக்கு முன்னால் நின்ற அம்மா, "பாய், கொழுப்ப தள்ளுங்க, எலும்ப கொறைங்க, ஈரல் போடுங்க" என்று மூச்சுவிடாமல் சண்டை போட்டார். என் முறை வந்தது. தூக்கை நீட்டி, "ஒரு கிலோ, கொழுப்போட குடுங்க பாய்" என்றேன்.

கத்தி நின்றது. "கிண்டலா?"

"இல்ல பாய், நெஜமாத்தான்."

"இருபத்திரெண்டு வருஷமா கொழுப்பு போட்டுட்டேன்னு திட்டு வாங்கிக்கினு கீறேன். கேட்டு வாங்கற மொத ஆளு நீங்கதான்!" காரணம் சொன்னேன். தள்ளி வைத்திருந்த கொழுப்பில் சுத்தமானதாகப் பார்த்து எடுத்து, தனியாகப் பொட்டலம் கட்டி, கறிக்கு மேல் வைத்தார். கிலோ தொள்ளாயிரம், கொழுப்புக்கு ஒன்றுமில்லை. "மொதல்ல இத உருக்கி, அதுலயே முட்டைய ஊத்தச் சொல்லுங்க. ஜல்தி போங்க, வெயில் ஏறிடும்."

முட்டை, உப்பு போடாத வெண்ணெய், பனீர் வாங்கிக்கொண்டு 9.30 பஸ்ஸில் ஏறினேன். விக்கிரவாண்டியில் அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டு ஒருவர் ஏறினார். பொட்டலம் இருபது ரூபாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

10.50. வீடு. தனம் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வெண்டையின் நுனியை ஒடித்தாள், டக். காலிபிளவரைக் கவிழ்த்துக் காம்பைத் தடவினாள். பாதாமை முகர்ந்தாள். "யாரு பொறுக்கிக் குடுத்தது? இது நீங்க வாங்கினது இல்லியே."

மறைக்க முடியவில்லை. மல்லாட்டைக் கதையை முழுசாகச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பாதாமைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குப் புடிக்கும்னா வாங்கினீங்க?"

"விலையும் கம்மி" என்றேன்.

"ரெண்டையும் சொல்றீங்களே, அதுக்காவே தின்றேன்" என்றாள். மறுநாள் காலையில் இரண்டு தட்டிலும் கொழுப்பில் பொரித்த முட்டை இருந்தது. சோற்றுப் பானை ஏறவில்லை. முதல் வாரம் எனக்குத்தான் தலைவலி. அவள் ஒரு வார்த்தை முனகவில்லை.

மூன்றாம் வாரக் கடைசியில் சர்க்கரை நூற்று எழுபத்தைந்து. டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முதலில் வலது கண்.

இப்போது திண்டிவனத்திலேயே எல்லாம் வாங்குகிறேன். எங்கள் ஊர்க் கறிக்கடையில் "கொழுப்பா?" என்று கேட்டால் வெட்கமில்லாமல் கதை சொல்கிறேன். எதிர்க்கடைக்காரர் இரண்டு பேர் காகிதத்தை நகல் எடுத்துக்கொண்டார்கள். தெரியாது என்று சொல்ல நாற்பது கிலோமீட்டர் போக வேண்டியதில்லை என்பதை, போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் கண் ஆறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் விழுப்புரம் போனோம். நன்றி என்று ஒன்றை நேரில் சொல்ல வேண்டியிருந்தது. சந்தை வாசலில், பலகைக்குப் பத்தடி தள்ளியே தனம் நின்றுவிட்டாள். ஒரு கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"காலிபிளவர் நாப்பது. வெண்ட இருபத்தெட்டு. கோஸு..." பக்கத்தில் திரும்பினாள். "இன்னாங்க, பதினெட்டுதானே போட்டிருக்கு? நீங்க பாருங்க."

பார்த்தேன். எனக்குப் பலகை கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து அஞ்சலை அக்கா குரல் கொடுத்தார்: "யம்மா, அவர வுடாத! அடுத்த ஆப்ரேசன் அவருக்குத்தான்!"