ஐம்பதாவது தோட்டாக் கூடு

வீட்டில் பல்பு போய்விட்டது. இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் தெருமுனை அரசாங்கக் கடையில் புது பல்பு வேண்டுமென்றால் பழைய பல்பைத் திருப்பித் தர வேண்டும். என்னுடையதோ கழற்றும்போதே கைதவறி விழுந்து, தூள்தூளாகி, குப்பையோடு போய்விட்டது. கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "அப்படின்னா ஒரு மனு எழுதிக் குடுங்க ஐயா. அஜாக்கிரதையா ஒடைச்சிட்டேன், மன்னிக்கணும்னு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிதர் பயந்து போனார். "ஒண்ணுமில்லப்பா, நாப்பது வருஷம் முன்னாடி ஒருத்தர் இதே மனுவத்தான் என்கிட்ட கேட்டார்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

வந்து உட்கார்ந்தால் மூக்கில் தோட்டா வாசனை. எரிந்த மருந்தும் நனைந்த அட்டையும் கலந்த வாசனை அது. இப்போது தீபாவளிக்கு மறுநாள் காலையில் மழை பெய்தால் ஓரளவுக்கு அந்த வாசனை வரும். அப்போதெல்லாம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வாசனைதான்.

இதே ரங்கூனில், வெள்ளைக்காரர் காலத்தில், ஓர் அரிசி மில் ஆபீஸில் நான் குமாஸ்தா. இருபத்து நான்கு வயது. வாரத்தில் ஆறு நாள் 'யெஸ் சார்' போட்டுப் போட்டுக் கழுத்துச் சுளுக்கிக் கொள்ளும். ஏழாம் நாள் என்னிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. பன்னிரண்டு போர், இரட்டைக் குழல். இரண்டு வருஷம் டீக்கடைப் பக்கமே போகாமல் சேர்த்து, ஊருக்குக் கப்பலேறிய ஒருவரிடம் வாங்கியது. என் பெயருக்கு லைசென்ஸ் கிடைத்த அன்று மெஸ்ஸில் எல்லோருக்கும் மீன்குழம்பு ஊற்றிய சேவை, மொஹிங்கா, வாங்கிக் கொடுத்தேன். ஒருவர் கல்யாணச் சாப்பாடா என்று கேட்டார்.

கூட்டாளி சவரிமுத்து அண்ணன். இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரிடமும் ஒரு துப்பாக்கி உண்டு. ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு இன்சீனில் ரயிலேறி, நான் எட்டிப் பார்க்கிற பெட்டியில் வந்து உட்கார்ந்து, "சேசுவே, இன்னைக்கு இவன் கண்ணுல ஒரு உள்ளானாச்சும் படணும்" என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி வேண்டிக்கொள்வார். இறங்குவது மாவ்பியில். அங்கிருந்து வயல்வெளி.

உள்ளான் என்பது கைப்பிடிக்குள் அடங்குகிற குருவி. சேற்று நிறம். மிதிக்கப் போகிறவரைக்கும் இருக்கிற இடம் தெரியாது. எழுந்தால் ஒரு கீச்சுச் சத்தம், அப்புறம் வலமும் இடமுமாய்க் கோணல் கோணலாய்ப் பறக்கும். முதல் வருஷம் நான் சுட்டதெல்லாம் மாவ்பி ஆகாயத்தைத்தான். அதற்குக் காயம் எதுவும் பட்டதாகத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. தோட்டாவின் கூடு காகிதம், அடி மட்டும் பித்தளை. ரங்கூன் ஈரத்தில் காகிதம் ஊறிப் பருத்துக் குழலுக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதனால் அரிசியை வறுத்து, நன்றாக ஆறவிட்டு, பிஸ்கட் டப்பாவில் கொட்டி, அதற்குள் தோட்டாக்களைப் புதைத்து வைப்போம். மெஸ்ஸில் ஒருவர் தெரியாமல் அந்த அரிசியை அள்ளி மென்றுவிட்டு, "உப்புத் தூக்கல்" என்றார். அது தோட்டா மருந்தின் ருசி என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அப்புறம் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. கப்பல் வரவில்லை என்றார்கள். வந்த கப்பலில் சரக்கு இல்லை என்றார்கள். சரக்கு வந்தபோது விலை இரட்டிப்பு. ஒரு வாய்க் கறிக்கு இந்த விலையா என்று திட்டிக்கொண்டே வாங்கினோம். அதுகூடப் பரவாயில்லை. அந்த வருஷம் லைசென்ஸ் ஆபீஸில் புது உத்தரவு போட்டார்கள்: எங்களைப் போன்றவர்களுக்கு வருஷத்துக்கு ஐம்பது தோட்டாதான். கடைக்காரன் விற்கும்போதே ஒவ்வொரு பித்தளை அடியிலும் லைசென்ஸ் நம்பரைக் கொத்தித் தருவான். வருஷக் கடைசியில் சுட்ட கூடு, சுடாத தோட்டா எல்லாமாக ஐம்பதையும் கொண்டுவந்து எண்ணிக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் லைசென்ஸ் ரத்து, துப்பாக்கி பறிமுதல். துரைமார்களுக்கு? அவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கலாம். நம்பர் கிடையாது, எண்ணிக்கை கிடையாது.

சவரிமுத்து அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்மள என்ன களவாணின்னு நெனச்சானா? சரி, எண்ணட்டும். அம்பதும் சொளையா கொண்டாந்து அவன் மேசையில கொட்டுறேன், எண்ணி எண்ணி வெரல் தேயட்டும்!" என்றார். அன்றிலிருந்து சுட்டதும் பறவையைத் தேடுவதற்கு முன்னால் கூட்டைத் தேடினோம். இரண்டு பெரிய மனிதர்கள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றில் குனிந்து துழாவுவதைப் பார்த்தால் நாற்று நட வந்த கூலி என்றுதான் நினைப்பார்கள்.

இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் நான் கோட்டைவிட்டேன். எப்படி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊரில் நாம் வேட்டியைச் சுருட்டி மடிகட்டி அதில் வெற்றிலையோ சில்லறையோ வைப்போம் அல்லவா? நான் அப்போது பர்மாக்காரர் மாதிரி லுங்கியை முன்னால் முடிச்சுப் போட்டுக் கட்டப் பழகியிருந்தேன். பெரிய மைனர் என்று நினைப்பு. கட்டு பர்மாக் கட்டு, பழக்கம் தமிழ்ப் பழக்கம். இல்லாத மடியில் கூட்டைச் சொருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி ஏறினேன். அது எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

டிசம்பரில் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். நாற்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். கட்டிலுக்கு அடியில் தேடினேன். துப்பாக்கி போனால் எனக்கு மிஞ்சுவது அந்த ஆறு நாள் மட்டும்தான்.

லைசென்ஸ் ஆபீஸ் ஹெட்கிளார்க் நம்மவர், முதலியார். துரைக்கு மேல் துரை. "ஏம்ப்பா, இதுக்கெல்லாம் ஒரு வழி இருக்கு. அஜாக்கிரதையா தொலைச்சிட்டேன், மன்னிக்கணும்னு மனு எழுதிக் குடு. துப்பாக்கிய ஒப்படைச்சிடு. அடுத்த வருஷம் துரை மனசு வச்சா பாக்கலாம்" என்றார். என் காசில் வாங்கி என் கையால் சுட்ட ஒரு காகிதக் குழலுக்காக நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? "மனு எழுத மாட்டேங்க. கூட்டக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது வீரமாகத்தான் இருந்தது. படியிறங்கும்போதுதான் மாவ்பி வயல்வெளி எத்தனை பெரிது என்று ஞாபகம் வந்தது.

வருஷம் முடிய ஒரு ஞாயிறுதான் பாக்கி. மாவ்பியில் அறுவடை முடிந்து வயலெல்லாம் தாள் நின்றது. அண்ணனும் நானும் முழங்காலில் தவழ்ந்தோம். தாள் குத்தி ரத்தம் வந்தது. வயலுக்குச் சொந்தக்காரி டோ சேன் வரப்பில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தபடி இந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், புருஷன் இல்லை. நாங்கள் வரப்பை மிதித்து உடைக்காமல் சுற்றிப் போவோம், சுட்டதில் இரண்டு உள்ளானை அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வருவோம். அதனால் எங்கள்மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. நெடுநேரம் கழித்து, "என்னடா தேடுறீங்க?" என்று பர்மியத்தில் கேட்டாள்.

"தோட்டாக் கூடு, அம்மா. சிவப்பு. அடியில பித்தளை."

"இதுவா?" என்று வாயிலிருந்ததை எடுத்து நீட்டினாள்.

என் கூடுதான். பித்தளை அடியில் நடுவே இருக்கிற சின்ன வெடிமூடியை ஆணியால் தட்டி எடுத்து ஓட்டையாக்கி, மறுமுனையில் சுருட்டைச் செருகியிருந்தாள். கை கறைபடாமல் பிடிக்கலாமாம். ஓட்டையைச் சுற்றி என் நம்பர் அப்படியே இருந்தது. எனக்கு உயிர் வந்தது. கையை நீட்டினேன். அவளோ அதைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன். என் வயல்ல விழுந்தது, என்னுது."

அண்ணன் வெள்ளிப்பூண் போட்ட குழல் வாங்கித் தருவதாகச் சொன்னார். மசியவில்லை. கடைசியில் விஷயத்தைச் சொன்னேன். துப்பாக்கி போய்விடும் என்றேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் புகை விட்டாள். "வெறுங்கூட்ட எண்ண ஒரு ஆபீஸு, அதுக்கு ஒரு வெள்ளக்காரனா? சரி. குடுக்கமாட்டேன். ஆனா நானே வந்து காட்டுறேன்."

மறுநாள் மில்லில் வயிற்றுவலி என்று அரைநாள் லீவு போட்டேன். டோ சேன் ரயிலில் வந்து இறங்கினாள். நல்ல லுங்கி, தலையில் பூ, இடுப்பில் வாழையிலை மூடிய ஒரு கூடை. ஙாப்பி விற்க எடுத்து வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இந்தக் கருவாட்டு நாற்றத்தோடு துரை முன்னால் நிற்கப் போகிறோமே என்று வேறு கவலைப்பட்டேன்.

அண்ணன் தன்னுடைய ஐம்பதையும் சொன்னபடியே மேசையில் கொட்டினார். முதலியார் எண்ணினார். அடுத்து நான் நாற்பத்தொன்பதை வைத்தேன். "ஒண்ணு?" என்றார். டோ சேன் நிதானமாகச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். முதலியார் பதறி, "இங்க பிடிக்கக் கூடாது!" என்று பர்மியத்தில் கத்தினார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து துரை வந்தார், வாயில் பைப்போடு. டோ சேன் அந்தப் பைப்பை ஒரு பார்வை பார்த்தாள், முதலியாரை ஒரு பார்வை பார்த்தாள். முதலியார் மேசையிலிருந்த கூடுகளை மறுபடி எண்ணத் தொடங்கினார்.

நான் என் உடைந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். டோ சேன் சுருட்டை வாயோரம் தள்ளிக் கூட்டை விரலால் கொஞ்சம் இழுத்து, அடியைக் காட்டினாள். துரை குனிந்து அவள் உதட்டருகே கண்ணை வைத்து நம்பரைப் படித்தார். புகை நேரே அவர் முகத்தில் போயிற்று. இருமிக்கொண்டே சரி என்றார். ஆனால் கூட்டை ஒப்படைக்க வேண்டும், அதுதான் உத்தரவு என்றார்.

முதலியார் மொழிபெயர்த்தார். டோ சேன் தலையாட்டினாள். கூடையின் வாழையிலையை எடுத்துப் போட்டாள். மேசைமேல் அப்படியே கவிழ்த்தாள்.

தோட்டாக் கூடுகள்! சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக, நூறா இருநூறா தெரியாது, உருண்டு ஓடி, தரையில் விழுந்து, துரையின் பூட்ஸுக்கு அடியிலெல்லாம் போயின. ஒன்றில்கூட நம்பர் இல்லை.

"இது உங்க ஆளுங்க என் வயல்ல போட்டது. வரப்பை ஒடைச்சிட்டுப் போனவங்க போட்டது. அறுக்கிறப்ப பொறுக்கினேன். மொதல்ல இத எண்ணச் சொல்லு. எண்ணி முடிச்சா என் வாயில இருக்கிறதத் தர்றேன்."

முதலியார் மொழிபெயர்க்கவில்லை. துரைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவும் இல்லை. அவர் காதுகள் சிவந்திருந்தன. பேனாவை எடுத்து என் லைசென்ஸ் ஏட்டில் ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சவரிமுத்து அண்ணன் வாசலுக்கு வந்ததும் நடுத்தெருவில் டோ சேன் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "எழுந்திருடா, ரயிலு போயிடும்" என்றாள்.

அடுத்த வருஷம் கூடு எண்ணுகிற உத்தரவு சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. ஐம்பது என்கிற வரம்பு மட்டும் போகவில்லை. ஆனாலும் நான் அதில் இருபது உள்ளான் அடித்தேன் என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. யுத்தத்தில் எரிந்தது, என் ஏடும் அதில் எரிந்திருக்கும். என் துப்பாக்கியும் சண்டையோடு போயிற்று. அண்ணன் இன்சீன் கல்லறையில் இருக்கிறார். அந்த வயலில் வீடுகள் வந்துவிட்டன, உள்ளான் இறங்க இடமில்லை. டோ சேன் போய்ச்சேர்ந்த செய்தி கேட்டு மாவ்பிக்குப் போனேன். அவள் மகள் ஒரு பித்தளை வட்டத்தை என்னிடம் நீட்டினாள். காகிதம் கருகிப் போய், அடி மட்டும் மிச்சம். நம்பர் தேய்ந்திருந்தது, ஆனால் இருந்தது. நான் வாங்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்று அவளே சொன்ன பொருள் அது.

பகல் வெளிச்சம் இருக்கிறவரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பல்புக்கான மனுவை எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை.