வாசற்படிக்கு எட்டாத படங்கள்

பாலர் வகுப்பு நடத்துகிறவனுக்குத் தொண்டை கெடுவதற்கு முன்னால் முழங்கால் கெட்டுவிடும். தரையில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் உட்கார்ந்து பழகிய சக உபாத்தியாயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பி.ஏ. படித்த மகன் ஏன் சின்னப் பிள்ளைகளுக்குக் கிளியும் கோழியும் காட்டிக்கொண்டிருக்கிறான் என்பது, சாத்தான்குளத்தில் பனையேறும் என் அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஒரே புத்தகம்

பள்ளியைப் பார்க்க வந்த துரைசானி ஒருவர் வர்ணப் படப் புத்தகம் ஒன்று கொடுத்தார். எழுத்து குறைவு, பக்கத்துக்கு ஒரு படம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மதித்துப் பழக இது உதவும் என்றார்.

எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள், இசக்கியைத் தவிர. சேரியிலிருந்து வந்த அந்தச் சிறுமிக்கு இடம் வாசற்படிக்கு வெளியே. நான் வருவதற்கு முன்பே ஏற்பட்ட ஏற்பாடு. அவளும் உள்ளே வந்து இந்த வட்டத்தில் உட்கார வேண்டும் என்று எனக்கு முதல் நாளே ஆசை. வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் இல்லை. புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார்வாள், அது கிளியா, இலையா?"

கை மாறும் விதம்

மறுவாரம், புத்தகம் ஒவ்வொருவர் கையாகப் போகட்டும் என்றேன். போயிற்று. வாசல் ஓரத்தில் இருந்த சங்கரன் மட்டும் அதைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். இசக்கி எட்டி எடுத்துப் பார்த்தாள். அவளும் தரையிலேயே வைத்தாள். இருவர் முகத்திலும் கோபமோ வெட்கமோ இல்லை.

"கையில் கொடுத்தால் என்ன?" என்றேன். இதுகூடத் தெரியவில்லையே என்று என்மேல் இரக்கப்பட்டுச் சங்கரன் விளக்கினான்: "கையிலதான் குடுக்கப்பிடாது சார்வாள். தரை எல்லாத்துக்கும் பொதுல்லா!"

அண்ணாச்சி

சங்கரன் ஒரு நாள் கெஞ்சிக் கேட்டுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனான். மறுநாள் அவன் அப்பாவே அதைக் கொண்டுவந்தார். நெல் வியாபாரி, ஊருக்கே அண்ணாச்சி. யார் யார் தொட்டது என்று மகன் சொல்லியிருக்கிறான். தீட்டுக் கழியத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கிளியின் பச்சை, எதிர்ப்பக்கத்துக் கோழியின்மேல் ஒட்டியிருந்தது.

நான் கை நீட்டினேன். அவர் புத்தகத்தை, பனையேறி மகன் கையில் படாமல், எனக்கு முன்னால் தரையில் வைத்தார். குனிந்து எடுத்துக்கொண்டேன். அவர் தம் பிள்ளையை நிறுத்தினால் தெருவே நிறுத்தும். பிள்ளைகள் இல்லாவிட்டால் எனக்கு வேலையும் இல்லை. இவ்வளவையும் குனிந்தபடியே யோசித்தேன். அண்ணாச்சி குரலை உயர்த்தவில்லை: "எழுத்தச் சொல்லிக்குடும், போதும் வே. படத்தக் காட்டிப் பிள்ளையக் கெடுத்துப்போடாதியும்."

கிணறு

அதன்பிறகு புத்தகம் என் கையை விட்டுப் போகவில்லை. ஒரு பக்கத்தில் கிணறு. சுற்றிலும் பலவிதமான ஆட்கள் தண்ணீர் இறைக்கிறார்கள். "யாரு கிணறு சார்வாள்?" என்றான் ஒருவன். எல்லோருக்கும் உரியது என்றேன்.

வகுப்பே சிரித்தது. "சார்வாள் சும்மா சொல்லுதாவ!" என்றான் சங்கரன். இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. படியில் கையூன்றி எழுந்து நின்று கேட்டாள்: "அது எந்த ஊரு சார்வாள்?"

யானைக்குட்டி

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம். யானை ஆற்றில் குளிக்கும் பக்கத்தைத் திறந்தேன். குட்டி தாயின் கால்களுக்குள் ஒளிந்திருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றேன். தலைகள் முட்டிக்கொண்டன. நான் நிமிர்ந்து பார்த்தபோது இசக்கி உள்ளே, சங்கரனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது படியைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

போ என்று சொல்ல மனம் வரவில்லை. இரு என்று சொல்ல வாய் வரவில்லை. சங்கரன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினான்: "ஏட்டி, வெளிச்சத்த மறைக்கியே! இங்கன வந்து உக்காரு."

பக்கத்தைத் திருப்பினால் எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் வந்துவிடுமே என்று பயந்து, மணி அடிக்கிறவரை ஒரு யானைக்குட்டியின் வாலையும் காதையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். நான் நடத்திய பாடங்களில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.