முப்பது கழியட்டும்

ஈரத் துணி. என் மகன் பிறந்த நாட்களை நினைத்தால் முதலில் கைக்கு வருவது அதுதான். எப்போது தொட்டாலும் ஈரம். ஆண் குழந்தை என்றால் தூக்கியவர் சட்டை நனையப் பீய்ச்சி அடிக்க வேண்டும். இவனுக்கோ சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, அதுவும் முகம் சிவக்க முக்கிய பிறகு.

வயிற்றில் இருக்கும்போதே சிறுநீரகத்தில் நீர் கோத்திருப்பது ஸ்கேனில் தெரிந்திருந்தது. ஒரு வாரத்தில் திரும்பக் கூட்டி வரச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். கீழ்க்கட்டளை வீட்டிலிருந்து கிளம்பும்போது குறுக்கே நின்றவள் என் நாத்தனார், என் கணவரின் செல்லத் தங்கை.

“முப்பது கழியட்டும் அண்ணி. தீட்டோட குழந்தைய வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. பசங்களுக்கு இதெல்லாம் தானா சரியாயிடும்.”

பள்ளியில் அவள் அறிவியல் டீச்சர். தங்கை சொன்னால் என் கணவருக்கு மறுபேச்சு கிடையாது. அழுதேன், கத்தினேன். பச்சை உடம்போடு தனியாக ஓடவும் முடியவில்லை. முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துச் சாமி கும்பிட்ட அன்றே குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. மூத்திரப் பாதையைப் பிறவியிலேயே ஒரு சவ்வு அடைத்திருந்தது என்றார் டாக்டர். அதை நீக்கினார்கள். ஆனால் தேங்கிய நீர் அதற்குள் ஒரு சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டிருந்தது. “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்மா” என்றார். அது நாத்தனார் காதில் விழவில்லை. குழந்தைக்காக வேண்டிக்கொள்ளத் திருநீர்மலைக்குப் போயிருந்தாள்.

பெரிய மனசு பண்ணி மறந்துவிடு என்றார்கள் எல்லோரும். என் மனசு சின்னதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருடம் அவளுக்கு மகன் பிறந்தான். பீர்க்கன்கரணையிலிருந்து போன் செய்தாள். அதே ஸ்கேன், அதே சொட்டு. அவள் மாமியார் தீட்டு என்று வாசலை மறிக்கிறாராம். “அண்ணி, ப்ளீஸ், நீங்க வந்து பேசுங்க.”

“முப்பது கழியட்டுமே” என்றேன்.

மறுமுனையில் அவள் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையை ஆசை தீரக் கேட்டேன். பிறகு ஆட்டோ பிடித்துப் போய், மாமியாரைத் தள்ளாத குறையாக ஒதுக்கிவிட்டு, தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். குழந்தை மேல் எனக்கென்ன கோபம்? ஆனாலும் பாசத்தால் மட்டும் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அதே டாக்டர்தான். சவ்வை நீக்கிவிட்டு வெளியே வந்தவர், “கரெக்ட் டைம்ல கொண்டு வந்துட்டீங்க. ரெண்டு கிட்னியும் நல்லா இருக்கு” என்றார்.

நாத்தனார் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. டாக்டர் சொன்னதை அவள் தன் காதால் கேட்க வேண்டும் என்றுதான் அத்தனை தூரம் போனேன்.