தொலைபேசி இல்லாத ஊருக்கு வந்த அழைப்பு

மின்னஞ்சல் குழு நண்பர்களே, வன்னியை விட்டு வெளியே வரப் பாஸ் கிடைத்து, துணுக்காயிலிருந்து இன்றுதான் வவுனியாவில் தொலைபேசியும் இணையமும் உள்ள கொமினிக்கேசன் கடைக்கு வந்தேன்.

சென்னைப் பேராசிரியரோடு சேர்ந்து கேட்ட ஆய்வு நிதி கைநழுவிவிட்டது.

தொடர்புக்கு இந்தக் கடை எண்ணைத்தான் கொடுத்திருந்தேன்.

"தம்பி, நிதி குடுக்கிற ஒஃபிசிலயிருந்து கோல் வந்தது," என்றார் கடைக்கார அண்ணை.

"என்ன சொன்னனீங்கள்?"

"எல்லாருக்கும் சொல்லுறதுதான். வன்னிக்குள்ள போற ஆக்களிட்டைச் சொல்லிவிடுறன், ரெண்டு கிழமையால திருப்பிக் கோல் எடுங்கோ எண்டனான். பிறகு எடுக்கேல்லை."

அவரில் என்ன பிழை? கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அப்படி இரண்டு வாரம் காத்திருந்துதான் எடுக்கிறார்கள்.

பேராசிரியரின் மின்னஞ்சலை இப்போதுதான் திறந்தேன். எங்களைத் தொடர்புகொள்ள முடியாததால், எங்கள் ஊருக்குப் பதிலாகத் தொலைபேசி உள்ள வேறோர் ஊரை ஆய்வில் சேர்த்துவிட்டார்களாம்.

ஆய்வு என்னவென்றால், தொலைபேசி இல்லாத ஊர்களைக் கணினியால் இணைப்பது.

உங்கள் கருத்தை எழுதுங்கள். அடுத்த பாஸ் கிடைத்ததும் வாசிக்கிறேன்.